ஆய்வுகூடத்துக்குப் பின்னால் மிலாறுத் தீ

"தொப்."

அவ்வளவுதான் சத்தம். ஆசிரிய ஆலோசகர் குகதாசன் தன் கைப்பேசியைத் தப்புப் பறையின் அருகே பிடித்துக்கொண்டு, திரையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒலியின் மீடிறனை, அதாவது தோல் ஒரு வினாடிக்கு எத்தனை தடவை அதிர்கிறது என்பதை, எண்ணாகக் காட்டும் செயலி ஒன்றை அதில் இறக்கி வைத்திருந்தார். எண் வரவில்லை. இரண்டு சிறு கோடுகள் மட்டும் வந்தன.

"இன்னொருக்கா அடியுங்கோ மாஸ்டர்."

நான் குச்சியை, சோற்றுக் கரண்டி பிடிக்கிற மாதிரி வேண்டுமென்றே பிடித்துக்கொண்டு, இன்னொரு தடவை தட்டினேன்.

தொப்.

ஜன்னலுக்கு வெளியே பசறை நகரம் மூடுபனிக்குள் காணாமல் போயிருந்தது. இரண்டு நாளாக விட்டு விட்டு மழை. பிள்ளைகளின் கம்பளிச் சட்டைகளிலிருந்து ஈர வாடை வந்தது. பதினொரு மணிக்குப் பதுளையிலிருந்து அதிகாரிகள் படக்கருவியோடு வரப்போகிறார்கள். அப்போது பத்து மணி ஆகவில்லை.

தரம் பத்துப் பிள்ளைகள் இருபத்தெட்டுப் பேர், ஆலோசகர், பின்வாங்கில் வேடிக்கை பார்க்க வந்த கணித ஆசிரியர் தனபாலன், எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் திரும்பிக் கரும்பலகையில் 'ஈரப்பதன்' என்று பெரிதாக எழுதினேன். ஒன்றும் செய்யத் தெரியாத விஞ்ஞான ஆசிரியனுக்குக் கரும்பலகை பெரிய துணை.

உண்மையில், அந்தத் தப்பை எப்படிப் பேச வைப்பது என்று அந்த அறையில் இரண்டு பேருக்குத் தெரியும். ஒருத்தி மூன்றாவது வரிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மற்றவன் சுண்ணக்கட்டியோடு நின்றிருந்தான். இரண்டு பேரும் தெரியாத மாதிரியே இருந்தோம்.

பனை மரம் வந்த கதை

இந்தக் கூத்தெல்லாம் ஒரு சுற்றறிக்கையில் தொடங்கியது. விஞ்ஞானத்தையும் தொழினுட்பத்தையும் இனிமேல் மாணவர்களின் சொந்தப் பண்பாட்டின் ஊடாகக் கற்பிக்க வேண்டும் என்று அதில் இருந்தது. படித்ததும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. சுற்றறிக்கையைப் படித்துச் சந்தோஷப்பட்டது என் வாழ்க்கையில் அது ஒரு தடவைதான்.

பதுளையில் ஒருநாள் பயிற்சிப் பட்டறை வைத்தார்கள். நடத்தியவர் நம் குகதாசன். யாழ்ப்பாணத்துக்காரர், இடமாற்றத்தில் ஊவா மாகாணத்துக்கு வந்து ஐந்தாறு வருஷமாகியும் குளிருக்குப் பழகாதவர். தலையில் மப்ளர் கட்டாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. நல்ல மனுஷன். வேலை என்று வந்தால் உயிரைக் கொடுப்பார். அவர் இரவு பகலாக உட்கார்ந்து தயாரித்த கையேடு நாற்பது பக்கம்.

முதல் பாடம் பனை மரம். பனையின் நார், ஓலை, கிழங்கு, நுங்கு, இவற்றில் உள்ள விஞ்ஞானம். இரண்டாவது பாடம் துலா, கிணற்றிலிருந்து தண்ணீர் இறைப்பதில் நெம்புகோல் தத்துவம். மூன்றாவது குளமும் வாய்க்காலும். நான்காவது ஏர்.

பண்டாரவளைப் பக்கத்து டீச்சர் ஒருவர் மெதுவாகக் கையை உயர்த்தினார். "சேர், எங்க பிள்ளைங்க பனை மரத்தையே பாத்ததில்லையே?"

"அதுக்கென்ன டீச்சர், படம் இருக்குத்தானே?" என்றார் குகதாசன். "அதைப் பாத்துச் செய்யட்டும்."

நாங்கள் தலையாட்டினோம். மத்தியானச் சாப்பாட்டுப் பார்சல் வரும் நேரத்தில் யாரும் விவாதம் பண்ணுவதில்லை.

பதுளையில் பனை மரம் பார்க்க வேண்டுமென்றால் பஸ் ஏறி மட்டக்களப்புப் பக்கம்தான் போக வேண்டும். துலாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எங்களுக்குத் தண்ணீர் பீலியில், மலையிலிருந்து தானாக வந்து விழும். ஏரைப் பூட்ட நிலம் வேண்டும். திருச்சி, மதுரைப் பக்கமிருந்து கொண்டுவந்து இறக்கப்பட்ட எங்கள் சனத்துக்கு, நாலைந்து தலைமுறையாகியும் ஒரு தேங்காய் நட இடமில்லை. ஆகவே அந்த நாற்பது பக்கச் 'சொந்தப் பண்பாட்டில்' எங்களுக்குச் சொந்தமானது ஒரு பக்கம்கூட இல்லை.

பிளாஸ்டிக் மாடு

மாதிரிப் பாடம் நடத்த எங்கள் பாடசாலையைத் தேர்ந்தெடுத்தார்கள். நான் ஒலி என்ற பாடத்தை எடுத்துக்கொண்டேன். பிள்ளைகளிடம், "உங்க வீட்டுல, உங்க தோட்டத்துல இருக்குற ஏதாவது ஒண்ணக் கொண்டு வாங்க. அதுல உள்ள விஞ்ஞானத்தப் பாப்போம்," என்று சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் ஆய்வுகூட மேசை நிறைந்துவிட்டது. அட்டையில் செய்த பனை மரங்கள் ஐந்து. ஈர்க்கில் துலா இரண்டு. களிமண் குளம் ஒன்று, அதில் நீல மை கலந்த தண்ணீர். ஒருத்தன் தங்கச்சியின் விளையாட்டுச் சாமானிலிருந்து பிளாஸ்டிக் மாடு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தான். ஏர் பூட்ட இரண்டு மாடு வேண்டுமே என்றேன். மற்ற மாட்டைத் தங்கச்சி தரமாட்டேன் என்று அழுததாம்.

பிள்ளைகள் புத்திசாலிகள். நான் என்ன கேட்டேன் என்பது அவர்களுக்கு முக்கியமில்லை. அதிகாரிகளுக்கு என்ன வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

வெறுங்கையோடு வந்தவள் ஒருத்திதான். கௌசல்யா. பசறையிலிருந்து உள்ளே போகிற தோட்டமொன்றிலிருந்து, காலையில் முதல் பஸ் பிடித்து வருகிறவள். வகுப்பில் முதலாம் பிள்ளை. வினாத்தாளில் பிழை இருந்தால் எழுந்து சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவள் அன்றைக்குத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எங்க வீட்டுல ஒண்ணும் இல்ல சேர்."

அந்த வாக்கியம் எனக்கு நன்றாகத் தெரியும். அவள் வயதில் அதே தொனியில் நானும் சொல்லியிருக்கிறேன். மேற்கொண்டு கேட்காமல் உட்காரச் சொன்னேன்.

ஏற்பாடுகளைப் பார்க்க வந்த குகதாசன் மேசையைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பனை மரங்களைப் பார்த்து முகம் மலர்ந்தது. பிளாஸ்டிக் மாட்டைப் பார்த்ததும் வாடியது. "மாஸ்டர், எல்லாம் படத்தைப் பாத்துச் செய்ததாக் கிடக்கு. உங்கட சனத்திட்ட உண்மையா ஒண்டுமே இல்லையோ?"

அவர் குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையான கவலையோடுதான் கேட்டார். ஆனாலும் எனக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது.

"ஏன் இல்லாம? தப்பு இருக்கு," என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன வாயை உடனே மூடிக்கொண்டேன். குகதாசன் கையைத் தட்டினார். "அருமை! அருமை! அதைக் கொண்டுவாங்கோ!" பக்கத்தில் நின்ற தனபாலனின் முகம் மட்டும் சற்று மாறியது. "தப்பையா? லேப்புக்குள்ளயா?" என்று முணுமுணுத்தார்.

எந்த லயம்?

மலையகத்துக்கு வெளியே இருக்கிற வாசகர்களுக்காக இதைச் சொல்ல வேண்டும். தப்பு என்பது வட்டமான மரச்சட்டத்தில் தோலை இழுத்துக் கட்டிய பறை. ஒரு பக்கம் மட்டுமே அடிப்பது. எங்கள் தோட்டங்களில் சாமி புறப்பட்டாலும் அதுதான், சாவு விழுந்தாலும் அதுதான். சாமிக்கு முன்னால் நடக்கிற தப்புக்காரர், சாமி கோயிலுக்குள் போனதும் வாசலிலேயே நின்றுவிட வேண்டும். இன்ன சாதிதான் அடிக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும்.

ஆனால் நாங்கள் படித்தவர்கள். ஒருவரிடம் சாதியைக் கேட்பது நாகரிகமில்லை என்று எங்களுக்குத் தெரியும். ஆகவே லயத்தைக் கேட்போம்.

வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் தொழிலாளர்களுக்கு வரிசை வரிசையாக லயன் காம்பராக்கள், அதாவது ஒட்டிய ஒற்றை அறை வீடுகள், கட்டினார்கள்; ஒவ்வொரு வரிசையும் ஒரு லயம். குடிவைக்கும்போது சாதி பிரித்து வைத்தார்கள். துரை போய்விட்டார். தகரம் மாறியிருக்கிறது, சுண்ணாம்பு மாறியிருக்கிறது. "நீங்க எந்த லயம்? மேல் லயமா, கீழ் லயமா?" என்ற கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது.

எங்கள் அப்பா தப்படிக்கிறவர். ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டமொன்றில், கீழ் லயம். கோயிலுக்கும் சாவுக்கும் மட்டுமல்ல, விடியற்காலையில் வேலைக்கு ஆள் திரட்டும் பெரட்டுக்கும் அவர்தான் அடித்தார். தோட்டம் முழுக்க அவர் அடித்துத்தான் கண் விழிக்கும். அப்படி விழித்தவர்கள் எங்கள் வீட்டு டம்ளரில் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டார்கள்.

பனிக்காலத்தில் தோல் தொய்ந்து போகும். அதற்குச் சூடு காட்டுவது என் வேலை. யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தரவில்லை. மற்றப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் தூக்குகிற வேலை விழுந்த மாதிரி எனக்கு அது விழுந்தது. செய்து முடித்துக் கை கழுவினாலும் புகை வாடை போகாது. பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்காருகிறவன் மூக்கைச் சுளிப்பான்.

ஆசிரியர் கலாசாலைக்குப் போன முதல் நாள், பக்கத்துக் கட்டில்காரன் கேட்டான், எந்த லயம் என்று. "மேல் லயம்," என்றேன். "அப்பா தோட்டத்து டிஸ்பென்சரியில மருந்து கலக்குறவரு." அந்தப் பொய்க்கு மேல் நான் ஒரு வீடே கட்டி, முப்பது வருஷம் குடியிருந்துவிட்டேன். அப்பா செத்தபோது கலாசாலையிலிருந்து ஒருவரையும் கூட்டிப் போகவில்லை. அவரைப் பற்றி நான் வெட்கப்பட்டேன்.

சரி, இந்தக் கதைக்கு வருகிறேன். அந்தச் சமயத்தில் என் மூத்த மகளுக்குத் தனபாலன் ஒரு வரன் கொண்டுவந்திருந்தார். கணிதம் படிப்பித்த நேரம் போக, அவர் கல்யாணம் பேசுவார்.

"வெலிமடையில நல்ல எடம் சேர். மரக்கறி யாவாரம். லீக்ஸ், கெரட் எல்லாம் கொழும்புக்கே போகுது. மாப்பிள்ளை தங்கமான பையன். ஒரே ஒரு விசயம், ஒங்க பக்கம் எந்த லயம்னு கேட்டாங்க. மேல் லயம்னு சொல்லிட்டேன். சரிதானே?"

"சரிதான்," என்றேன்.

அதனால்தான் அன்றைக்கு ஆய்வுகூடத்தில் குச்சியைக் கரண்டி மாதிரிப் பிடித்தேன். சரியாகப் பிடித்தால், பின்வாங்கில் உட்கார்ந்திருக்கிற தனபாலனுக்கு மருந்து கலக்கினவர் மகனின் கை இப்படிப் பிடிக்குமா என்ற சந்தேகம் வந்துவிடும்.

உரச் சாக்குக்குள் வந்தது

தப்பை இரவல் வாங்கி வந்தவர் பாடசாலைக் காவல்காரர். எந்தத் தோட்டம், யாரிடம் வாங்கினார் என்றெல்லாம் நான் கேட்கவில்லை. கேட்டால் எனக்கு அதில் ஏதோ அக்கறை இருப்பதாகத் தெரிந்துவிடுமே என்ற பயம். "சாயங்காலம் கோயில்ல சாமி தூக்குறாங்களாம். மத்தியானமே வந்து எடுத்துக்கிறேன்னு சொன்னாரு," என்று மட்டும் அவர் சொன்னார்.

யூரியா உரச் சாக்கிலிருந்து தப்பை வெளியே எடுத்தபோது வகுப்பு எட்டிப் பார்த்தது. சட்டத்தின் ஓரத்தில் ஒரு இடத்தில் வார் அறுந்து, சிவப்பு நைலோன் நூலால் இழுத்துத் தைக்கப்பட்டிருந்தது. நான் தற்செயலாக நிமிர்ந்தேன். கௌசல்யா அந்தச் சிவப்பு நூலைப் பார்த்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஜன்னலில் மூடுபனியைத் தவிரப் பார்க்க ஒன்றுமில்லை.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தப்புக்காரரின் மகள் அவள். வகுப்பில் மற்றப் பிள்ளைகள் நகரத்திலிருந்தும் வேறு தோட்டங்களிலிருந்தும் வருகிறவர்கள். அவர்களுக்கு அது தெரியாது. நான் முப்பது வருஷமாகக் கட்டிக் காத்ததை அவள் பத்தாம் தரத்திலேயே கட்டத் தொடங்கியிருக்கிறாள்.

நீலச் சுடர்

நான் ஈரப்பதன் பற்றி ஐந்து நிமிஷம் பேசினேன். தோல் நீரை உறிஞ்சினால் தொய்யும், இழுவை குறையும், மீடிறன் இறங்கும். எல்லாம் சரியான விளக்கம். தப்பு அதைக் கேட்டுத் திருந்தவில்லை.

குகதாசன் மணிக்கூட்டைப் பார்த்தார். "தோல் எண்டால் காய வைக்க வேணும், அவ்வளவுதானே. வெயிலும் இல்லை. பன்சன் சுடரடுப்பு இருக்குத்தானே மாஸ்டர்? அதைக் கொளுத்துவம்."

அவரே வாயுவைத் திறந்து பற்றவைத்தார். நீலச் சுடர் சீறிக்கொண்டு எழும்பியது. தப்பை இரண்டு கையாலும் தூக்கி, தோலின் நடுமத்திக்கு நேராகச் சுடர் வரும்படி இறக்கினார்.

என் கை என்னைக் கேட்காமல் நீண்டு, சட்டத்தைப் பிடித்து இழுத்தது. அதே நேரத்தில் மூன்றாவது வரிசையிலிருந்து சத்தம் வந்தது.

"ஐயோ, அப்புடி வைக்காதீங்க சேர்! தோலு பொத்துரும்!"

கௌசல்யா எழுந்து நின்றிருந்தாள்.

"பின்ன எப்பிடிப் பிள்ளை?" என்றார் குகதாசன்.

"தீயில தூரமா வச்சு… சுத்திக்கிட்டே இருக்கணும்… ஓரத்துலேருந்து…" பாதியில் நிறுத்திவிட்டாள்.

வகுப்பு முழுவதும் திரும்பி அவளைப் பார்த்தது. பின்வாங்கிலிருந்து தனபாலன், பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிற அதே சாதாரணக் குரலில் கேட்டார்.

"ஒனக்கு எப்புடிம்மா இதெல்லாம் தெரியும்? நீ எந்த லயம்?"

யாரோ ஒரு பையன் மெதுவாகச் சிரித்தான். அவள் என்னைப் பார்த்தாள். நான் சட்டத்தை இழுத்ததை அவள் பார்த்திருந்தாள் என்பது அந்தப் பார்வையில் தெரிந்தது. இன்னும் ஒரு நிமிஷம் விட்டால் அவளும் மேல் லயம் என்று சொல்லிவிடுவாள்.

"அந்தக் கேள்விய விடுங்க தனபாலன் சேர்," என்றேன். "ரெண்டு பேர் சமையல் கொட்டிலுக்குப் போய்க் காஞ்ச மிலாறு ஒரு கட்டு வாங்கிட்டு வாங்க. கௌசல்யா, நீ கொப்பியில அட்டவணை போடு. நேரம் ஒரு பக்கம், மீடிறன் ஒரு பக்கம்."

மிலாறு என்றால் கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சி. தோட்டத்து அடுப்புகள் எரிவதே அதில்தான். ஆய்வுகூடத்துக்குப் பின்னால், தாழ்வாரத்தில், ஒரு பழைய தார்த் தகரத்தில் அதை அடுக்கினோம். பற்றவைக்கக் காகிதம் தேவைப்பட்டது. கைக்கு எட்டியது பட்டறைக் கையேடுதான். முதல் பாடத்தைக் கிழித்தேன். பனை மரம் நன்றாகப் பிடித்துக்கொண்டது.

அதற்குமேல் நடிக்க முடியவில்லை. தப்பைச் சரித்துப் பிடித்து, ஓரத்திலிருந்து தொடங்கி, சுற்றிச் சுற்றிச் சூடு காட்டினேன். இடையிடையே விரல் முட்டியால் தட்டிக் காதைக் கொடுத்தேன். தோல் இறுகுவது விரலுக்குத் தெரிந்தது. அந்தப் புகை வாடை அப்படியே இருந்தது. கண் கலங்கியது புகையால்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று நிமிஷத்துக்கு ஒருமுறை அடித்துப் பார்த்தோம். செயலியில் கோடுகள் போய் எண் வந்தது. தொண்ணூறு. நூற்றிருபது. நூற்றைம்பது. எண் இருநூற்றைத் தாண்டும்வரை கௌசல்யா எழுதிக்கொண்டே போனாள். பிள்ளைகள் தகரத்தைச் சுற்றி முண்டியடித்தார்கள். தோல் காயக் காயச் சுருங்குகிறது, இழுவை கூடுகிறது, மீடிறன் ஏறுகிறது. நான் கரும்பலகையில் எழுதிய அதே விஷயம்தான். இப்போது அதைச் சொன்னது அவர்கள்.

"முழுசா அடிங்க சேர்!" என்று ஒருத்தன் கத்தினான்.

தப்பை இடது தோளில் மாட்டினேன். மூங்கில் சிம்பு இடது கையில், தடித்த குச்சி வலது கையில். என்ன அடிப்பதென்று நான் யோசிக்கவில்லை. கைக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். பெரட்டு அடி. அப்பா விடியற்காலையில் அடித்த அதே அடி.

பாடசாலையே வெளியே வந்துவிட்டது. மற்ற வகுப்புப் பிள்ளைகள் ஓடிவந்தார்கள். ஏதோ அவசர ஒத்திகை என்று நினைத்த அதிபர் குடையோடு மைதானத்தில் போய் நின்றார். பெரட்டுக்கு அடித்தால் ஆட்கள் வரத்தானே செய்வார்கள்.

இலவசமாகக் கிடைத்த பொய்

சரியாக அந்த நேரத்தில் பதுளை வாகனம் வந்து நின்றது. இறங்கிய அதிகாரிகள் இரண்டு பேரும் புகையையும் கூட்டத்தையும் பார்த்துத் திகைத்து, பிறகு படக்கருவியை எடுத்தார்கள்.

"மாஸ்டர் எங்கட பட்டறையில பயிற்சி எடுத்தவர்!" என்று குகதாசன் பெருமையோடு என் தோளைத் தட்டினார்.

"அதானே பாத்தேன்!" என்றார் தனபாலன். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "பட்டறையில பழகுனதா!"

யோசித்துப் பாருங்கள். முதல் பொய்யை நான் சொந்தமாகத் தயாரித்தேன். இதையோ கையில் கொண்டுவந்து தருகிறார்கள். நான் வாயைத் திறக்கவே தேவையில்லை. வெலிமடை மாப்பிள்ளை பத்திரமாக இருப்பார்.

கௌசல்யா கொப்பியை மூடினாள். அதைப் பார்த்தேன். நான் சும்மா இருந்தால், அந்த லயக் கேள்வி திரும்பவும் அவள் ஒருத்திக்கு மட்டும்தான் வரும்.

"பட்டறையில இல்லைங்க," என்றேன். குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. "எங்க அப்பா தப்படிக்கிறவரு. சின்னதுல நான்தான் இதுக்குச் சூடு காட்டுவேன். நாங்க கீழ் லயம்."

மிலாறு மட்டும் படபடவென்று வெடித்தது. பிறகு படக்கருவி வைத்திருந்த அதிகாரி தயங்கித் தயங்கிக் கேட்டார், "சேர், இதுவும் பாடத்துல வருதுங்களா? நிப்பாட்டவா, எடுக்கவா?"

"எடுங்கோ, எடுங்கோ," என்றார் குகதாசன். மப்ளரை இழுத்து விட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ மாஸ்டர். ஒண்டுமே இல்லையோ எண்டு கேட்டனான்."

பின்னால் நடந்ததை முன்னால் சொல்லிவிடுகிறேன். மாதிரிப் பாடத்தின் அறிக்கை அழகாக அச்சாகி வந்தது. தப்புப் படத்தில் புகை அதிகம் என்பதால், அட்டையில் பிளாஸ்டிக் மாட்டின் படத்தைப் போட்டிருந்தார்கள். வெலிமடையிலிருந்து தனபாலன் மூலம் தகவல் வந்தது, சாதகம் பொருந்தவில்லையாம். சாதகத்தை நாங்கள் இன்னும் கொடுக்கவே இல்லை.

மகளிடம் சொல்லப் பயந்து பயந்து சொன்னேன். "தாத்தா மருந்து கலக்குனாருன்னு ஏம்ப்பா எங்கிட்டயும் சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டாள். வரன் போனது எனக்கு வலிக்கவில்லை. அந்தக் கேள்வி வலித்தது.

வாசலில்

நான் சொல்ல வந்தது இதையெல்லாம் அல்ல. அன்றைக்கு மத்தியானம் நடந்ததை.

அதிகாரிகள் போன பிறகு காவல்காரர் வந்து, தப்புக்காரர் வாசலில் நிற்பதாகச் சொன்னார். எப்போது வந்தார் என்று கேட்டேன். "அப்பவே வந்துட்டாரு சேர். பாடம் நடக்குது, பொறுங்கன்னு சொன்னேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பண்பாடு வேண்டும் என்று தப்பைச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்து மேசையில் வைத்தோம். அதை அடிக்கிற மனுஷனைக் கூப்பிட வேண்டும் என்று ஆலோசகருக்கும் தோன்றவில்லை, அதிகாரிகளுக்கும் தோன்றவில்லை. தப்புக்காரன் மகனான எனக்கும் தோன்றவில்லை. கோயில் வாசலில் நிறுத்துகிற மாதிரிப் பள்ளிக்கூட வாசலில் நிறுத்திவிட்டோம்.

தப்பை எடுத்துக்கொண்டு நானே போனேன். கேற்றுக்கு வெளியே, கம்பி முறிந்த குடைக்குக் கீழே, மெலிந்த மனிதர் ஒருவர் நின்றிருந்தார். முருகையா என்று பெயர் சொன்னார். தப்பை வாங்கி, ஓரம் முழுவதையும் விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்தார்.

"யாருங்க சேர் சூடு காட்டுனது?"

"நான்தாங்க."

"இந்த ஓரத்துல கொஞ்சம் கூடிப்போச்சு. வாரு பிரிஞ்சிருக்கு. பரவால்ல, தச்சிக்கலாம்."

"கை விட்டுப் போச்சுங்க," என்றேன். "முப்பது வருசமாச்சு."

"அடி விட்டுப் போகலியே. இங்கனே நின்னு கேட்டுக்கிட்டுதானே இருந்தேன். அது ஹல்துமுல்லைப் பக்கத்துப் பெரட்டு அடி. எங்க பக்கம் கடைசியில ஒரு தட்டு கூட வரும்." பிறகு கேட்டார், "நீங்க எந்தத் தோட்டம்?"

தோட்டத்தைத்தான் கேட்டார். லயத்தைக் கேட்கவில்லை. சொன்னேன். தலையாட்டிக்கொண்டார்.

"உள்ள வாங்க. புள்ளைங்களுக்கு ஒருதரம் நீங்க அடிச்சுக் காட்டணும்."

அவர் சட்டென்று ஒரு எட்டுப் பின்னால் வைத்தார். "வேணாங்க சேர். ஒங்க வகுப்புலதான் எம் மக படிக்கிறா. நான் பள்ளிக்கூடத்துக்கு வந்தா அவளுக்கு ஒரு மாதிரியா இருக்கும். வந்தேன்னு சொல்லிக்காதீங்க." சாக்கை எடுத்துத் தப்பை அவசரமாக அதற்குள் நுழைக்கத் தொடங்கினார்.

அந்த அவசரத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. எங்கள் அப்பாவும் ஒருதரம் என் பாடசாலை வாசல்வரை வந்து, இப்படித்தான் திரும்பிப் போனார்.

பின்னால் யாரோ ஓடிவருகிற சத்தம் கேட்டது. கௌசல்யா. கையில் கொப்பி. அவளுக்குப் பின்னால் பாதி வகுப்பு. முருகையா குடையைத் தாழ்த்தி முகத்தை மறைக்கப் பார்த்தார். அவள் நேராக வந்து குடையைப் பிடித்து உயர்த்தினாள்.

"அப்பா! நம்ம தப்பு எறநூத்துப் பத்து ஹெர்ட்ஸ் வரைக்கும் போச்சுப்பா!"

வகுப்பு முழுக்கக் கேட்கிற மாதிரித்தான் சொன்னாள். முருகையா மகளைப் பார்த்தார், பின்னால் நின்ற பிள்ளைகளைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"அது நல்லதுங்களா சேர்?" என்று கவலையோடு கேட்டார்.

"ரொம்ப நல்லதுங்க," என்றேன். "உள்ள வாங்க."